மாதாவுக்கு வீடு காட்டியவன்

உலகநாதன் கனமான மனிதர்தான். அதற்காக, உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் தரைக்குள் இறங்கிப் போகிற அளவுக்குக் கனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்கு அதுதான் நடந்தது. கிறிஸ்துராஜுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஃபாக்டரியிலும் அவனோடு ஒரே ஷாப்பில் வேலை. அவன் வீட்டுக்குப் பேப்பர் படிக்க வந்தவர் இரும்பு மடக்கு நாற்காலியைத் தானே இழுத்து ஹாலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். பொத்தென்று ஒரு சத்தம். சிவப்புத் தரை பொத்துக்கொண்டு நாற்காலியின் பின்கால் ஒரு சாண் உள்ளே போக, உலகநாதன் பேப்பரோடு மல்லாந்தார். கையிலிருந்த காபியில் பாதியைச் சிந்தாமல் காப்பாற்றிவிட்டார். அதை அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கிறிஸ்துராஜின் மனைவி ஜெயசீலிதான் ஓடி வந்து தூக்கினாள். கிறிஸ்துராஜ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"இன்னாங்க மரம் மாதிரி நின்னுகினு கீறீங்க? ஒரு கை புடிங்க!"

பிடித்தான். ஆனால் அவன் கண் உலகநாதன் மேல் இல்லை. தரையில் விழுந்த அந்த ஓட்டையின் மேலேயே இருந்தது. விழுந்தவருக்குக்கூட அவ்வளவு முகம் வெளுக்கவில்லை.

அந்த இடம் நாலைந்து வருஷமாகவே உள்வாங்கிக்கொண்டு வந்தது. வீடு கழுவினால் முதலில் ஒரு தட்டு அளவுக்கு அங்கே தண்ணீர் தேங்கும். அப்புறம் தாம்பாளம் அளவுக்குத் தேங்கியது. கிறிஸ்துராஜ் அதன் மேல் ஒரு டீப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தான். டீப்பாய் போடுவதற்கு முன்பும் சரி, பிறகும் சரி, அந்த இடத்தில் அவன் கால் பட்டதே இல்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். "சொந்த ஊட்டுல எதுக்கு இப்டி பிரதட்சணம் பண்றீங்க?" என்று ஜெயசீலி கிண்டல் செய்தால், சிரித்து மழுப்பிவிடுவான். அவர்கள் மகளைப் பெண் பார்க்க அடுத்த ஞாயிறு ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்காக அன்றைக்கு டீப்பாயை நகர்த்தித் துடைத்தவள் ஜெயசீலிதான்.

"எந்தம்பி வரட்டும். அவன வெச்சு தோண்டி சரி பண்ணிட்லாம்" என்றாள்.

"ஜெயபால் எதுக்கு?" என்றான் கிறிஸ்துராஜ், கொஞ்சம் வேகமாகவே.

"மண்ணு போட்டவன் அவன்தான? அவனே சரி பண்ணட்டும்."

அதற்குமேல் கிறிஸ்துராஜால் என்ன பேச முடியும்? அங்கே என்ன புதைந்திருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். வாயைத் திறந்தால் அந்தக் கதை முழுவதும் வெளியே வந்துவிடும்.

கதை இதுதான். கோவில்பதாகையில் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கியது எண்பத்தாறில். அதுவரை ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவனுக்குச் சொந்த வீடு என்றதும் தலைகால் புரியவில்லை. அவன் டியூட்டிக்குப் போகிற நேரத்தில் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ள ஜெயசீலியின் தம்பி ஜெயபால் பூந்தமல்லியிலிருந்து வந்து தங்கினான். வேலை வெட்டி இல்லாமல் சுற்றிய பையன்தான். ஆனால் அக்கா வீடு என்று வந்ததும் உயிரைக் கொடுத்து நின்றான். பேஸ்மட்டத்துக்கு மணல் நிரப்புவது, தண்ணீர் விட்டு ஊறவைப்பது, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவது, கொத்தனார்களின் ஆணிப் பெட்டிக்குக் காவல் இருப்பது எல்லாம் அவன் பொறுப்பு. சாயங்காலமானால் கொத்தனார்களோடு ஒதுங்கிக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வான். அவனிடம் குறை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

வாசல் நிலை வைத்த அன்று பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஜெபத்துக்காக மாதா சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஜெயசீலியின் அம்மா சகாயம்மாள் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த சுரூபம் அது. வேளாங்கண்ணியில் வாங்கி, மந்திரித்து, பஸ்ஸில் கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். "சுரூபத்த பத்திரமா எடுத்துகினு வாங்க" என்று கிறிஸ்துராஜிடம் சொல்லிவிட்டு ஜெயசீலியும் போனாள். ஜெயபால் கொத்தனார்களோடு ஏற்கெனவே காணாமல் போயிருந்தான்.

தனியாக நின்ற கிறிஸ்துராஜுக்கு ஓர் ஆசை வந்தது. மாதாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நிரப்பியிருந்த மணல்மேல் கிடந்த பலகையில் நடந்து வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினான். "இது ஹாலு தாயே. இது சமையக்கட்டு. இந்தப் பக்கம் ஜன்னல் வரும், நல்லா காத்து வரும். உனக்கு மாடம் அதோ அந்தச் செவுத்துல." யார் பார்த்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் அவன் மனசில் அன்றைக்கு அத்தனை சந்தோஷம். சமையல்கட்டைக் காட்டிவிட்டு ஹாலுக்குத் திரும்பும்போது பலகை புரண்டது. அவன் மணலில் விழுந்தான். மாதா செங்கல் அடுக்கின்மேல் விழுந்தாள். தலை தனியாக உருண்டு போயிற்று.

ஐயோ என்று அவன் கத்தக்கூட இல்லை. மாமியாரின் முகம்தான் முதலில் கண்ணுக்குள் வந்தது. மந்திரித்த சுரூபம் உடைந்தால் குப்பையில் போடக் கூடாது, சுத்தமான மண்ணில் புதைக்க வேண்டும் என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் படித்தது அடுத்து ஞாபகத்துக்கு வந்தது. சுத்தமான மணல் காலடியிலேயே கிடந்தது. மூலையில் கொத்தனார்களின் ஆணிப் பெட்டி இருந்தது. கொஞ்சம் ஆணி கிடந்தாலும் பரவாயில்லை என்று தலையையும் உடம்பையும் அதில் வைத்து மூடி, ஹாலின் நடுவிலேயே ஆழமாகத் தோண்டிப் புதைத்தான். திருச்சபை சொன்னபடிதானே செய்கிறோம் என்று தன்னைத்தானே சமாதானமும் செய்துகொண்டான். அதன்மேல் நாளைக்கு நாலு பேர் நடப்பார்களே என்ற யோசனை, தளம் போட்டு முடித்த பிறகுதான் அந்தப் புத்திசாலிக்கு வந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி. குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும், "மாதா எங்கங்க?" என்று ஜெயசீலி கேட்டாள். மாமியார் பக்கத்திலேயே நின்றாள். ஜெயபால் தன் ஒயர் கூடையோடு அப்போதுதான் தள்ளாடிக்கொண்டு படியேறி வந்தான். கிறிஸ்துராஜின் வாயிலிருந்து தானாக வந்தது அந்தப் பொய்: "உன் ஒயர் கூடையிலதானே மச்சான் வெச்சேன்?"

ஜெயபால் கூடையைப் பார்த்தான். கூடையில் ஒன்றும் இல்லை. குடித்தவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை கிடையாதே! வைத்திருப்பார், நான்தான் எங்கேயோ போட்டுவிட்டேன் என்று அவனே நம்பிவிட்டான். வந்த வழியெல்லாம் போய்ப் புதர் புதராகத் தேடினான். சகாயம்மாள் மகனைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் ஆணிப் பெட்டியைக் காணோம் என்று கொத்தனார் கத்தியபோது, "குடிச்சா இப்படித்தான்" என்று கிறிஸ்துராஜும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னான். பாவி மனுசன், அதையும் சொன்னான்.

ஜெயபால் அன்றோடு குடியை விட்டான். மாதா அக்கா வீட்டுக்குத் திரும்பி வருகிறவரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டான். எட்டு வருஷமாக வெறுங்கால். சித்திரை வெயிலிலும் வெறுங்கால்தான், அவன் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் நின்றதும் வெறுங்காலோடுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. தரையெல்லாம் இரும்புச் சுருளும் பிசிறும் சிதறிக் கிடக்கிற இடத்தில் அவன் ஒருத்தன்தான் வெறுங்காலோடு நின்றான். வைராக்கியக்காரன் என்று ஊரே புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் கிறிஸ்துராஜுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் ஒரு பிசிறு குதிகாலில் ஏறிவிட்டது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. இனிமேல் செருப்பில்லாமல் நடந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஜெயசீலி அழுது பார்த்தாள். நேர்ச்சையிலிருந்து விடுதலை தருகிறேன் என்று பங்குச் சாமியாரே கூப்பிட்டுச் சொன்னார். "மாதா வரட்டும் சாமி, அப்பால போட்டுக்குறேன்" என்றான் ஜெயபால். அவன் காலைக் காப்பாற்ற ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை கிறிஸ்துராஜின் தொண்டைக்குள் கிடந்தது. எத்தனையோ முறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முதலில் மாமியாருக்குப் பயந்தான். மாமியார் செத்த பிறகு ஜெயசீலிக்குப் பயந்தான். அப்புறம், இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்பதற்கே பயந்தான். பொய் பழசாகப் பழசாக அதை எடுத்துப் போடுவதற்குக் கை கூசுகிறது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஃபாக்டரியும் லீவு, பட்டறையும் லீவு. பூசை முடிந்த கையோடு ஜெயபால் சைக்கிளில் வந்து இறங்கினான். கடப்பாரையைப் பாரில் கட்டியிருந்தான், கேரியரில் திமிசுக் கட்டை. புண்பட்ட காலில் கட்டு. கட்டில் மண் படாமலிருக்க ஒரு பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தான்.

"இன்னா மாமா, நான் போட்ட மண்ணு உலகநாதன் அண்ணாத்தய கவுத்துட்சாமே? ஆளு உயிரோட கீறாரா?" என்று சிரித்தான்.

கிறிஸ்துராஜ் சிரிக்க முயற்சி செய்தான். "மச்சான், எதுக்கு வீணா போட்டுக் கிளறிக்கிட்டு? ஓட்டைல ரெண்டு சட்டி ஜல்லியக் கொட்டி மேலாப்புல சிமெண்டப் பூசிருவோம். ஞாயித்துக்கிழமை அவங்க வந்து போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அடில காலியா கெடந்தா மேல பூசி இன்னா மாமா புண்ணியம்? பொண்ணு பாக்க வரவன் ஒக்காந்தா அவனும் உள்ள பூடுவான்."

"அதான!" என்றாள் ஜெயசீலி சமையல்கட்டிலிருந்து. "உலகநாதன் அண்ணன்னா எழுந்து சிரிச்சுகினு பூட்டாரு. சம்பந்தி உழுந்தா சிரிப்பாரா?"

ஜெயபால் காலை நீட்டி உட்கார்ந்து சுத்தியலின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனான். நல்ல இடத்தில் கெட்டியாகச் சத்தம் கேட்டது. காலியான இடத்தில் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் கரித்துண்டால் கோடு போட்டான். கடைசியில் ஹாலின் நடுவில் ஒரு வட்டம் வந்தது. கிறிஸ்துராஜ் எட்டிப் பார்த்தான். எட்டு வருஷமாக அவன் சுற்றிப்போன அதே வட்டம், கொஞ்சமும் பிசகவில்லை.

உளி வைத்து உடைத்தார்கள். சிவப்புப் பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியிலிருந்த செங்கல் ஜல்லித் தளம் கடப்பாரையால் நெம்பியதும் பாளமாக வந்தது. அதற்கடியில் மணல் இல்லை. ஒரு பெரிய குழி, அதன் பக்கமெல்லாம் கரையான் கட்டின மண். ஜெயபால் குழியின் ஓரத்து மணலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் இறங்கவில்லை.

"இங்க பாரு மாமா, சுத்திலும் கல்லு மாதிரி கீது. நான் இடிச்ச மண்ணுதான். இங்க மட்டும் எப்டி உள்ள போச்சு?" சற்று யோசித்தான். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டான். "தண்ணிய போட்டுகினு இந்த எடத்த இடிக்காம வுட்டுட்டேன் போல கீது. அப்பல்லாம் எனக்கு எது நெனப்புல இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். கிறிஸ்துராஜ் சொன்னது வேறு. "கரையான் நெறைய இருக்கு மச்சான். மருந்து அடிக்காம மண்ணு போடக் கூடாது. நீ கடைத்தெருவுக்குப் போயி ஒரு டப்பா வாங்கிட்டு வந்துரு. நான் அதுக்குள்ள குழியைச் சுத்தம் பண்ணிடறேன்."

ஜெயசீலி கரண்டியோடு வெளியே வந்தாள். "அந்தக் கால வெச்சுகினு அவன எங்க அனுப்புறீங்க? நீங்க போயிட்டு வாங்க!"

"குனிஞ்சு மண்ணு அள்ளுறது அவன் காலுக்கு ஆகாதுன்னுதான் சொல்றேன்."

"வுடுக்கா, நான் போறேன். மிதிச்சா அஞ்சு நிமிசம்" என்று ஜெயபால் எழுந்தான்.

ஜன்னல் வழியே கிறிஸ்துராஜ் பார்த்தான். உச்சி வெயில். தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக, ஒரு கால் பாலிதீன் பையாக ஜெயபால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விந்தி விந்திப் போனான். அந்தக் காலைப் புண்ணாக்கியவனும் தான்தான், அந்தப் புண்ணோடு அவனை வெயிலில் விரட்டியவனும் தான்தான் என்று நினைத்தபோது கிறிஸ்துராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்பு இருந்து என்ன? அடுத்த நிமிஷமே மண்டி போட்டுக் குழிக்குள் கையை விட்டுவிட்டான்.

அவன் போட்ட திட்டம் இதுதான். எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் மறைத்துவிட வேண்டும். பிறகு ஒட்டவைத்து, ஏதோ பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று சொல்லிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஜெயபால் செருப்புப் போட்டுக்கொள்வான். கால் பிழைக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. நல்லதுதானே செய்யப் போகிறோம்?

கரையான் மண்ணைத் தள்ளினான். உதிரி மணலை அள்ளினான். விரலில் உருண்டையாக ஏதோ இடறியது. எடுத்துப் பார்த்தான். முகம். ஒரு பக்கம் சாயம் போயிருந்தது. இன்னொரு பக்கத்தில் கண்ணும் புருவமும் அப்படியே இருந்தன. "மன்னிச்சுக்க தாயே" என்று முணுமுணுத்துவிட்டு, அதை லுங்கி மடிப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, உடம்பைத் தேட மறுபடியும் கையை விட்டான்.

"மாமா, மருந்து வந்துட்சு!"

தூக்கிவாரிப் போட்டது. வாசலில் ஜெயபால், அவன் பின்னால் ஒரு டப்பாவோடு உலகநாதன்.

"எங்க வீட்லயே பாதி டப்பா கெடக்குது. இவன் என்னடான்னா இந்தக் காலோட கடைக்குப் போறேன்றான். நான் விடுவேனா?" என்று டப்பாவை வைத்தவர், ஓட்டையை எட்டிப் பார்த்தார். "நல்ல வேளை, நான் முழுசா உள்ள போகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிறிஸ்துராஜ் குழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீ நகரு மாமா, உனுக்கு மூச்சு வாங்குது" என்று ஜெயபால் அவனை விலக்கிவிட்டுக் குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். மருந்து ஊற்றுவதற்கு வசதியாக மிச்ச மணலை இரண்டு கையாலும் ஒதுக்கினான். திடீரென்று அவன் கை நின்றது.

"அக்கா," என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. "அக்கா, இங்க வா."

மணலுக்குள்ளிருந்து நீலச் சேலையின் ஒரு மடிப்பு தெரிந்தது. அவன் ஊதி ஊதி மணலை விலக்கினான். இடது கையில் குழந்தை. பஸ்ஸில் வந்தபோது சகாயம்மாளின் வளையல் உரசி விழுந்த கீறல், குழந்தையின் காலடியில் அப்படியே இருந்தது.

ஜெயசீலி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "அம்மா குடுத்த மாதாடா! டேய், நம்ம மாதாடா!" என்று மண்டியிட்டு அழுதாள். "இன்னிக்கு திருநாள்ல வந்துட்டாளே! எட்டு வருசமா ஊட்டுக்குள்ளயே இருந்துருக்காளே! டேய் ஜெயபாலு, உன் நேர்ச்ச முடிஞ்சுட்சு. போட்றா செருப்ப!"

கிறிஸ்துராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. மாதா வந்துவிட்டாள், மச்சானின் கால் பிழைத்துவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மடியிலிருக்கும் தலையை இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மணலில் போட்டு எடுத்துக்கொடுத்தால் போதும். அவன் மாடத்தைப் பார்த்து மனசுக்குள் ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஆனால் ஜெயபால் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மணலில் எதையோ தடவிக்கொண்டிருந்தான். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆணிக் கட்டி ஒன்றை எடுத்தான். பிறகு ஓர் இரும்புக் கைப்பிடி. மரத்தையெல்லாம் கரையான் தின்றுவிட்டிருந்தது.

"இது கொத்தனாரு ஆணிப் பொட்டிக்கா" என்றான். "என் பொறுப்புல இருந்த பொட்டி. நான்தான்க்கா. குடிச்சுட்டு வந்து மாதாவ ஒடச்சுட்டு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நானே இதுல வெச்சு பொதச்சிருக்கேன். பொதச்சதுகூட நெனப்பு இல்லாத அளவுக்கு குடிச்சுருக்கேன்."

"டேய், இன்னாடா உளர்ற?"

"அப்பால தெருத்தெருவா தேடினேன் பாரு, அதான்க்கா கொடும. நானே பொதச்சுட்டு நானே தேடிகினு கீறேன். எட்டு வருசம் மாதா மேல எல்லாரையும் நடக்க வெச்சுருக்கேன்." அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். "தொலச்சதுக்குத்தான் அந்த நேர்ச்ச. ஒடச்சதுக்கு இது பத்தாது. சாவுற வரைக்கும் இந்தக் கால்ல செருப்பு கெடையாது."

"கால எடுத்துடுவாங்கடா!"

"எடுக்கட்டும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான், கடையில் அரிசி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அப்படிச் சொன்னதால்தான் கிறிஸ்துராஜுக்குப் பயமாக இருந்தது. இவன் சொன்னால் செய்கிறவன். எட்டு வருஷம் செய்து காட்டியவன்.

"தலையக் காணமே" என்று ஜெயபால் மறுபடியும் மணலைத் துழாவத் தொடங்கினான். "தல இங்கதான் எங்கனா இருக்கணும். எங்க போட்டன்னு தெரியலயே."

மடிப்பில் இருந்தது கிறிஸ்துராஜின் வயிற்றில் குத்தியது. இப்போதுகூட அதை மணலில் நழுவவிட்டு, 'இதோ மச்சான்' என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு கணம் அவன் கை அதற்குத்தான் போயிற்று. பிறகு, குழிக்குள் துழாவிக்கொண்டிருந்த ஜெயபாலின் கைகளைப் பார்த்தான். அவன் செய்யாத பாவத்தின் தலையை அவனே தேடிக்கொண்டிருந்தான். கிறிஸ்துராஜ் மடிப்பை அவிழ்த்தான்.

"தேடாத மச்சான். இங்க இருக்கு."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அவன் உள்ளங்கையில் மாதாவின் முகம் இருந்தது.

"நீ ஒடைக்கல. நான்தான் ஒடச்சேன். நிலை வெச்ச அன்னிக்கு. எல்லாரும் போனப்புறம் மாதாவுக்கு வீடு காட்டிட்டிருந்தேன். பலகை பொரண்டுருச்சு. அத்தைக்குப் பயந்துட்டு ஆணிப் பொட்டில வெச்சுப் பொதச்சேன். உன் கூடையில நான் எதுவும் வெக்கல மச்சான். பொய் சொன்னேன்."

ஜெயசீலி அவனையே பார்த்தாள். "ஊடு காட்டினீங்களா?"

"ஆமா."

"இதுக்குத்தான் சுத்திகினு சுத்திகினு போனீங்களா?"

அவன் தலையாட்டினான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயபால் தலையை வாங்கிக் கழுத்தில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

"அப்ப நான் தொலைக்கல."

"இல்ல மச்சான்."

"குடிச்சுட்டு எங்கயும் போடல."

"இல்ல."

"ஆணிப் பொட்டியும் நான் தொலைக்கல?"

"இல்லப்பா."

ஜெயபாலின் முகத்தில் ஏதோ சிரிப்பு மாதிரி வந்தது. வந்த சுருக்கிலேயே போய்விட்டது. சுரூபத்தை அக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அம்மா சாவும்போது கேட்டாங்களே மாமா. 'மாதா வந்துட்டாளாடா'ன்னு. 'இல்லம்மா, நான்தான் தொலச்சுட்டேன், என்ன மன்னிச்சுடும்மா'ன்னு சொன்னேன். அம்மா மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிகினாங்க." அவன் நிறுத்தினான். "நீ அப்ப கட்டிலாண்டதான நின்ன. அம்மா வாய்ல ஸ்பூன்ல தண்ணி வுட்டுகினு இருந்தியே."

ஆமாம், கட்டிலண்டைதான் நின்றான். ஸ்பூன் தண்ணீர் சகாயம்மாளின் கழுத்தில் வழிந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஜெயசீலி எழுந்தாள். சுரூபத்தை மாடத்தில் வைத்தாள். எட்டு வருஷமாக வேறு எதுவும் வைக்காமல் அவள் காலியாக விட்டிருந்த இடம் அது. பிறகு வாசலுக்குப் போய்ப் புருஷனின் செருப்பை எடுத்துவந்து தம்பியின் காலடியில் போட்டாள்.

"மாதா ஊட்டுக்கு வந்துட்டா. போட்டுக்கடா."

கிறிஸ்துராஜ் சட்டென்று குனிந்து, புண்பட்ட காலுக்கு வாரைத் தளர்த்திக் கொடுக்கப் போனான். ஜெயபால் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீ வுடு மாமா. நான் போட்டுக்குறேன்."

பாலிதீன் பையோடு அந்தக் கால் பாதிதான் நுழைந்தது. இரண்டு அடி வைத்தபோது தடுமாறினான். ஒரு செருப்பு காலிலிருந்து கழன்றது. நின்று மறுபடியும் மாட்டிக்கொண்டான். கடப்பாரையை எடுக்கவில்லை, திமிசுக் கட்டையையும் எடுக்கவில்லை. வாசலில் நின்று ஒரு தடவை திரும்பினான்.

"மண்ண மொத்தமா கொட்டிடாத மாமா. கொஞ்சம் கொஞ்சமா போட்டு, தண்ணி வுட்டு இடி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

"டேய், சாப்ட்டுட்டு போடா" என்று ஜெயசீலி கூப்பிட்டாள். பாதிக் குரல்தான் வந்தது. அவன் திரும்பவில்லை. அவள் புருஷன் பக்கமும் திரும்பவில்லை. "மண்ண போடுங்க. ஞாயித்துக்கெழம ஆளு வராங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிறிஸ்துராஜ் மணலை ஒரு சட்டி கொட்டினான். தண்ணீர் விட்டான். குழிக்குள் வெறுங்காலோடு இறங்கித் திமிசுக் கட்டையைத் தூக்கினான். இடிக்கவில்லை. தெருவில் அவனுடைய செருப்பு, பழக்கமில்லாத காலில், சரக் சரக்கென்று இழுபட்டுக்கொண்டு போகிற சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அது முக்குத் திரும்பி ஓயும்வரை கட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.